சகோதரனுடைய ஆபத்து நாளும் நம் வீட்டுத் திரையும்



கோடை விடுமுறை தொடங்கியதும் நம் வீடுகளில் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் ஓய்வு கிடைப்பதில்லை. அதைக் குறித்துப் பொதுவான ஒரு கண்டனத்தை எழுதிவிட்டுப் போவது எளிது. அப்படிப்பட்ட கண்டனங்களை நீங்கள் வேண்டிய மட்டும் வாசித்திருக்கிறீர்கள்; அவற்றால் எவருடைய கைப்பேசியும் அணைந்ததாக நான் அறியேன். இவ்வாரம் நான் எழுத விரும்புவது அதைவிடக் குறுகிய ஒரு காரியம். போரைப் பற்றிய ஆவணப்படங்களையும் தொடர்களையும் நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதே அது. அதிலும், அந்தப் போருக்குத் தப்பி வந்தவர்கள் ஆலயத்தில் நமக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கையில் நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பது.

இதை எழுத ஒரு காரணம் உண்டு. நம் வாலிபர் ஐக்கியத்தார் மே மாதக் கூடுகையில் ஈழப்போரைப் பற்றிய ஒரு படத்தையோ தொடரின் சில பகுதிகளையோ திரையிட அனுமதி கேட்டிருக்கிறார்கள். அவர்களுடைய எண்ணம் நல்லது. மே 18 அண்மையில் வருகிறது. 2009-ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலில் போர் முடிந்த நாள் அது. "நாங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள், எங்களுக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள விரும்புகிறோம்" என்று மனுவில் எழுதியிருக்கிறார்கள். இதற்கு ஆம் அல்லது இல்லை என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதலாவது, நாம் எங்கே நின்றுகொண்டு இந்தப் படங்களைப் பார்க்கிறோம் என்பதைக் கவனியுங்கள். வேலூரிலிருந்து பெங்களூர்ச் சாலையில் சற்று தூரம் போனால் மேல்மொணவூர் வருகிறது. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று பல ஆண்டுகளாக இருக்கிறது. அகதிகள் முகாம் என்ற பெயர் 2021 ஆகஸ்டில் மறுவாழ்வு முகாம் என்று மாற்றப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் மாநிலமெங்குமுள்ள முகாம்களில் புதிய வீடுகள் கட்டும் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்ததும் அதே மேல்மொணவூரில்தான். முதற்கட்டமாக 3,510 வீடுகள் என்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் வாழ்கிறார்கள். நம் வீட்டுச் சுவருக்கு வர்ணம் பூச வருகிறவர்களிலும், கல்லூரிப் பேருந்தில் நம் பிள்ளைகளோடு போகிறவர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

இன்னும் பழைய ஒரு கடனும் நமக்கு உண்டு. இந்தப் பகுதியில் சபைகளையும் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நாட்டிய ஆற்காடு மிஷன் 1853-இல் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்கள் ஸ்கடர் சகோதரர்கள். அவர்களுடைய தகப்பனாராகிய மருத்துவர் ஜான் ஸ்கடர் 1819-இல் அமெரிக்காவைவிட்டுப் புறப்பட்டபோது வந்து சேர்ந்த இடம் வேலூர் அல்ல, யாழ்ப்பாணம். பண்டத்தரிப்பில் அவர் வைத்தியம் பார்த்தார். மூத்த மகன் ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் பிறந்ததும் அங்கேதான். ஐடா அம்மையாருடைய பாட்டனார் இவர் என்று சொன்னால் உங்களுக்குச் சட்டென்று விளங்கும். ஆக, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குடும்பம் கடல் கடந்து வந்திராவிட்டால் நம் வட்டாரத்துச் சபைச் சரித்திரம் வேறு விதமாயிருந்திருக்கும். நம் கோட்டையும் இக்கதையில் சேர்ந்தது. கண்டியின் கடைசி அரசர் விக்கிரம ராஜசிங்கன் சிறைப்பட்டிருந்து 1832-இல் மரித்தது இந்த வேலூரில். பாலாற்றங்கரையில் அவருக்கு முத்து மண்டபம் இருக்கிறது. 1995-இல் அதே கோட்டையின் திப்பு மகாலில் அடைக்கப்பட்டிருந்த விடுதலைப்புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். அந்தச் சுரங்கத்தின் கதையைத் தேநீர்க் கடைகளில் எத்தனை விதமாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம்! அது அன்றைக்கே ஒரு தொடர் நாடகம்போல் ஆகிவிட்டது. அதன்பின் முகாம்களில் இருந்த சாதாரணக் குடும்பங்கள்மேல் எவ்வளவு சந்தேகக் கண் விழுந்தது என்பதை யாரும் கதையாகச் சொன்னதில்லை.

இனி, திரைக்கு வருவோம். தமிழ்நாட்டில் நம்மில் பெரும்பாலோர் ஈழத்தை அறிந்தது சினிமாவின் வழியாகத்தான். 2000-இல் வந்த தெனாலியில், எதைக் கண்டாலும் அஞ்சி நடுங்கும் ஈழத்தமிழராகக் கமல்ஹாசன் நடித்தார். நாம் வயிறு குலுங்கச் சிரித்தோம். நகைச்சுவைப் படம் எடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. அவர் அந்தப் பேச்சு வழக்கை அக்கறையோடு கற்று நடித்தார் என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் விளைவாக ஒன்று நடந்தது. முகாமிலிருந்து நம் ஞாயிறு பள்ளிக்கு வந்த பெண்பிள்ளைகளைச் சுற்றி நின்றுகொண்டு, "உங்க தமிழ்ல ஒருதரம் பேசிக் காட்டு" என்று நம் பிள்ளைகள் கேட்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சங்கீதப் புஸ்தகத்தின் 137-ஆம் சங்கீதம் உங்களுக்கு நினைவிருக்கும். பாபிலோன் ஆறுகளின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சிறைப்பட்டவர்களிடம், அவர்களைச் சிறைப்பிடித்தவர்கள் கேட்டது பொன்னையோ வேலையையோ அல்ல. தங்கள் மகிழ்ச்சிக்காக ஒரு பாட்டு. அந்த மனிதர்கள் கின்னரங்களை மரத்தில் தொங்கவிட்டுவிட்டார்கள். நம் ஞாயிறு பள்ளிப் பெண்பிள்ளைகள் செய்ததும் அதுவே. நாளடைவில் நம்மைப்போலவே பேசப் பழகிக்கொண்டார்கள்.

2002-இல் கன்னத்தில் முத்தமிட்டால் வந்தது. அது வேறு தரத்துப் படம். முகாமில் பிறந்து, இங்கே தத்தெடுக்கப்பட்ட ஒரு சிறுமி தன்னைப் பெற்ற தாயைத் தேடிப் போகிறாள். நான் அதை மதிக்கிறேன். 2013-இல் மெட்ராஸ் கபே என்ற இந்திப் படத்துக்கு இங்கே எதிர்ப்பு எழுந்து, அது தமிழ்நாட்டில் வெளியாகவே இல்லை. 2021-இல் தி ஃபேமிலி மேன் தொடரின் இரண்டாம் பாகம் வந்தது. சமந்தா நடித்த ராஜி என்ற பெண் போராளி, இந்தியப் பிரதமரைக் கொல்லச் சதி செய்கிறவள். தொடர் வெளிவருமுன்பே அதைத் தடைசெய்யக் கோரி அன்றைய தகவல் தொழில்நுட்ப அமைச்சர் மனோ தங்கராஜ் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். தடை வரவில்லை. நம்மில் பலர் ஒரே இரவில் அதைப் பார்த்து முடித்தோம் என்பது எனக்குத் தெரியும். மறுநாள் காலை ஜெபக்கூட்டத்துக்கு வந்த கண்கள் அதைச் சொல்லின.

தடை கேட்கிறவர்களோடு நான் முழுவதும் உடன்படுகிறவன் அல்லன். தடைசெய்யப்பட்ட படத்தை மனிதர் இன்னும் ஆவலாய்த் தேடிப் பார்ப்பார்கள். அதுவுமன்றி, தடைக் கத்தி எப்போதும் ஒரு பக்கம் மட்டும் வெட்டுவதில்லை. கேலம் மக்ரே எடுத்த நோ ஃபயர் ஸோன் என்ற ஆவணப்படத்துக்கு 2014-இல் நம் நாட்டுத் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது. போரின் கடைசி மாதங்களில் அரசாங்கமே பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்தில் மக்கள்மேல் குண்டு விழுந்ததைச் சாட்சிகளோடு சொன்ன படம் அது. கற்பனைத் தொடர் தங்குதடையின்றி வீட்டுக்குள் வந்துவிட்டது. சாட்சி சொன்ன படமோ வாசலில் நிறுத்தப்பட்டது. இந்த முரணை நாம் கவனிக்கவேண்டும்.

நம் சபையில் ஒரு சகோதரி இருக்கிறார். அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 1990-இல் மன்னார்க் கரையிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு படகில் வந்தவர். அவருடைய தம்பி வன்னியில் தங்கிவிட்டார். 2009-ஆம் ஆண்டு ஏப்ரலுக்குப் பிறகு தம்பியைக் குறித்து ஒரு செய்தியும் இல்லை. இந்தச் சகோதரி தொடர்களைப் பார்ப்பதில்லை, ஆவணப்படங்களைப் பார்க்கிறார். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்பப் பார்க்கிறார். அவர் பார்க்கும் விதத்தை நீங்கள் அறியவேண்டும். நாம் பார்க்கத் தயங்குகிற கோரமான காட்சிகளில் அவர் கண் நிற்பதில்லை. அந்தக் காட்சிகளுக்குப் பின்னால், திரையின் ஓரத்தில், மூட்டைகளோடு நடந்து போகிறவர்களைப் பார்க்கிறார். படத்தை நிறுத்துகிறார். இரண்டு விரல்களால் பெரிதாக்குகிறார். கலங்கலாய்த் தெரியும் ஒரு முகத்தின்மேல் நெடுநேரம் குனிந்திருக்கிறார். பிறகு இல்லை என்று தலையசைத்து மேலே போகிறார்.

இது அவருடைய தனிப்பட்ட பழக்கம் என்று எண்ணிவிடாதிருங்கள். காணாமற்போனவர்களுடைய குடும்பங்கள் படங்களைப் பார்க்கும் விதமே இது. 2015-இல் இலங்கையின் ஜனாதிபதித் தேர்தல் துண்டுப்பிரசுரம் ஒன்றில், வேட்பாளரோடு நின்ற பள்ளிச் சீருடைப் பிள்ளைகளின் நடுவே தன் மகள் நிற்கக் கண்டதாக ஒரு தாய் சொன்னார். அந்த ஒரு படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் வீதியோரத்தில் பந்தல் போட்டு உட்காரத் தொடங்கினார்கள். பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான நாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பதில் கிடைக்குமுன்பே அவர்களில் பலர் மரித்துப்போனார்கள். சாமுவேலின் இரண்டாம் புஸ்தகத்தில் ரிஸ்பாள் என்றொரு தாய் வருகிறாள். அறுப்புத் தொடங்கின நாள்முதல் மழை பெய்யும்வரை அவள் கன்மலையின்மேல் இரட்டுத்துணியை விரித்து, பிள்ளைகளின் உடல்களைப் பறவையும் மிருகமும் தொடாதபடி காத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு உடலாவது இருந்தது.

இன்னொன்றும் அந்தச் சகோதரி சொன்னார். "படத்திலை வெடிக்கிற சத்தம்தான் பெரிசாக் கேக்குது, ஐயா. எங்களுக்கு அதுக்கு முந்தி ஒரு சத்தம் இருக்கு. தூரத்திலை குத்துற சத்தம். அது கேட்டவுடன எண்ணத் தொடங்கிடுவம். எண்ணுறதுக்குள்ள பங்கருக்குள்ள போகவேணும்." திரைப்படத்தில் குண்டு வெடித்தபிறகே கதை தொடங்குகிறது. அவருக்கு எல்லாம் நடந்தது அதற்கு முந்தின அந்தச் சில நொடிகளில். வெடியோசையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒலிப்பதிவு செய்கிற கலைஞர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. முள்ளிவாய்க்காலில் இருந்தவர்கள், பெண்கள் தங்கள் சேலைகளைக் கிழித்துப் பைகளாகத் தைத்து, கடற்கரை மணலை நிரப்பிப் பதுங்குகுழிக்குச் சுவர் வைத்ததைச் சொல்லுவார்கள். கலியாணச் சேலைகளும் அதில் போயின. அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டுமுள்ள கஞ்சிக்கு வரிசையில் நின்றதைச் சொல்லுவார்கள். இன்றும் மே மாதத்தில் அங்கே அந்தக் கஞ்சியைக் காய்ச்சிப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். தொடர்களில் துப்பாக்கி இருக்கிறது, துரத்தல் இருக்கிறது. தையல் ஊசியையும் கஞ்சி வரிசையையும் நான் அதிகம் கண்டதில்லை.

அதே சபையில், நாலைந்து வரிசை தள்ளி, மூப்பர் ஒருவர் அமர்கிறார். நம் மாவட்டம் இராணுவத்துக்கு ஆள் கொடுக்கும் மாவட்டம் என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கம்மவான்பேட்டையை அறியாதவர் நம்மில் யார்? இந்த மூப்பரும் படைவீரராயிருந்தவர். 1987 ஜூலை ஒப்பந்தத்துக்குப் பின் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். அந்தப் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் வீரர்கள் திரும்பி வரவில்லை. திரும்பி வந்தவர்களை 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் வரவேற்க அன்றைய முதலமைச்சர் போகவில்லை. ஈழத்தமிழர்மேல் கைவைத்த படையை எப்படி வரவேற்பேன் என்பது அவருடைய நிலை. மறுபக்கம், 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் இந்தியப் படை நுழைந்தபோது மருத்துவர்களும் செவிலியரும் நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள் என்பதும் நடந்த காரியமே. மூப்பர் அதில் இருந்தவர் அல்லர். ஆனாலும் போர்க்காட்சி எது வந்தாலும் நாற்காலியைவிட்டு எழுந்து வெளியே போய்விடுவார். பேரப்பிள்ளைகள் கேட்டால் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்பார். ஒருவர் ஒரு முகத்தைத் தேடிப் படத்தை நிறுத்துகிறார். இன்னொருவர் சில முகங்கள் வந்துவிடுமோ என்று எழுந்து போகிறார். இருவரும் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கிறார்கள். வாலிபர்களே, நீங்கள் திரை கட்டப்போகிறது இந்த இருவரும் இருக்கிற சபையில்.

இங்கே கசப்பான ஒரு காரியத்தையும் சொல்லவேண்டியிருக்கிறது. நாம் போர்ப்படம் பார்க்கும்போது பெரும்பாலும் நம் மனதுக்கு உகந்த பாதியை மட்டும் பார்க்கிறோம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் தோல் பதனிடும் தொழிலை நடத்துகிற முஸ்லிம் அயலாரோடு நாம் தலைமுறை தலைமுறையாய் வாழ்கிறோம். அவர்களுடைய தொழிற்சாலைகளில் நம் வீட்டுப் பெண்கள் காலணி தைத்துச் சம்பாதித்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கிறார்கள். ஆனால் 1990 அக்டோபரில் விடுதலைப்புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் எல்லாரையும் வெளியேற்றியதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? யாழ்ப்பாண நகரத்தில் அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர், தமிழையே தாய்மொழியாகப் பேசுகிறவர்கள், வீடும் கடையும் விட்டுப் போனார்கள். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 2011-இல் வெளிவந்த ஐக்கிய நாடுகள் வல்லுநர் குழு அறிக்கை, போரின் இறுதிக்கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் மாண்டிருக்கலாம் என்றது. பெரும்பாலான சாவுகளுக்கு அரசாங்கத்தின் குண்டுவீச்சே காரணம் என்று கண்டது. அதே அறிக்கை, தப்பி ஓட முயன்ற மக்களைப் புலிகள் சுட்டதையும், பிள்ளைகளைப் பிடித்துப் போருக்கு அனுப்பியதையும் சொல்கிறது. முதல் பாதியை உரக்க வாசித்து இரண்டாம் பாதியில் குரலைத் தாழ்த்துகிறவன் இறந்தவர்களுக்குச் சாட்சி அல்லன், தன் கட்சிக்கே சாட்சி. கேன் திரைப்பட விழாவில் 2015-இல் உயரிய பரிசு பெற்ற தீபன் படத்தில் நாயகனாக நடித்த ஷோபாசக்தி, சிறுவனாயிருந்தபோது அந்த இயக்கத்தில் சேர்ந்து, பின்பு அதைவிட்டு விலகி, எழுத்தாளரானவர். இரண்டு பாதியையும் பார்த்தவர்கள் பேசினால் யாருக்கும் முழுத் திருப்தி கிடைப்பதில்லை. அதனாலேயே நான் அவர்களைக் கேட்க விரும்புகிறேன்.

இது நமக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. உக்ரைனை எண்ணிப் பாருங்கள். 2015-இல் அங்கே ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தது. சாதாரணப் பள்ளி ஆசிரியர் ஒருவர் எதிர்பாராமல் நாட்டின் அதிபராகிறார். அந்த நகைச்சுவைத் தொடரின் நாயகன் ஸெலென்ஸ்கி. 2019-இல் அவர் மெய்யாகவே அதிபரானார். 2022 பிப்ரவரியில் மெய்யான போர் வந்தது. அந்தத் தொடரை அந்நாட்டவர் இன்று பார்த்தால் எந்த இடத்தில் சிரிப்பார்கள்? கீவ் நகரத்துத் திரையரங்குகளில் அபாயச் சங்கு ஊதினால் படத்தைப் பாதியில் நிறுத்திப் பதுங்கிடம் போகிறார்கள். சங்கு ஓய்ந்தபின் திரும்பி வந்து மீதியைப் பார்க்கிறார்கள். மரியுபோல் முற்றுகையில் சிக்கிய நாட்களைப் படமெடுத்த ம்ஸ்திஸ்லாவ் செர்னோவ், 2024 மார்ச்சில் ஆஸ்கர் பரிசைக் கையில் வாங்கியபோது, இந்தப் படத்தை எடுக்க நேராமலே இருந்திருக்கக்கூடாதா என்ற கருத்தில் பேசினார். பரிசையே கொடுத்துவிட்டு நடந்ததை நடவாததாக்க முடியுமானால் அப்படியே செய்வேன் என்றார். மேடையில் நின்று தன் படத்தைக் குறித்து இப்படிப் பேசினவரை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அந்த 2022 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நம் மாநிலத்திலும் சில வீடுகளில் தொலைக்காட்சி பார்க்கப்பட்ட விதமே மாறிப்போயிற்று. உக்ரைனில் மருத்துவம் படிக்கப் போன பிள்ளைகளுடைய பெற்றோர், கார்கிவ் என்றும் சுமி என்றும் திரையில் எழுத்து ஓடினால் எழுந்து நின்றார்கள். விளம்பரம் வந்தால் கோபப்பட்டார்கள். பிள்ளைகள் விமானத்தில் வந்து இறங்கினதும், அதே செய்தி அதே அலைவரிசையில் மறுபடியும் வெறும் செய்தியாயிற்று. அதில் குற்றமில்லை, அது மனித இயல்பு. பிள்ளை அங்கேயே இருக்கிறவர்களுக்கு அந்த மாற்றம் வருவதில்லை என்பதை மாத்திரம் மறவாதிருங்கள்.

பழைய ஏற்பாட்டில் மிகச் சிறிய புஸ்தகம் ஒபதியா. ஒரே அதிகாரம், இருபத்தொரு வசனங்கள். எருசலேம் அழிந்த நாளில் ஏதோம் என்ன செய்தான் என்பதே அதன் குற்றப்பத்திரிகை. ஏதோம் அந்நியன் அல்ல, ஏசாவின் வம்சம், உடன்பிறந்தான். அந்தக் குற்றப்பத்திரிகையின் வரிசையை நிதானமாய் வாசியுங்கள். முதலாவது, அவன் எதிரே ஒதுங்கி நின்றான். பின்பு சகோதரனுடைய ஆபத்து நாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பின்பு மகிழ்ந்தான், பெருமையாய்ப் பேசினான், வாசலுக்குள் புகுந்தான், ஆஸ்தியில் கை போட்டான். கடைசியாக, தப்பி ஓடி வந்தவர்களை வழிச்சந்தியில் மறித்துப் பிடித்துக் கொடுத்தான். பார்த்துக்கொண்டிருந்ததும் வழி மறித்ததும் ஒரே பட்டியலில் வருவதை நான் முன்பெல்லாம் மிகையான கண்டிப்பு என்று எண்ணியதுண்டு. நம் நாட்டுக் காரியத்தை அதன் அருகே வைத்துப் பார்க்கையில் அப்படித் தோன்றவில்லை.

ஏனென்றால், நாம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் போரைத் திரையில் பார்த்து அழுதிருக்கிறோம். 2013-இல் பாலச்சந்திரன் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனுடைய படங்கள் வெளிவந்தபோது, சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்து, போராட்டம் மாநிலமெங்கும் பரவியது. அந்தக் கண்ணீர் பொய்யல்ல. ஆனால் அதே ஆண்டுகளில் தப்பி வந்தவர்களுடைய வழிச்சந்தி திறந்ததா? 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் நம் குடியுரிமைச் சட்டத்தின் கண்ணில், தாள்கள் இல்லாமல் படகில் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு வழி திறந்தது. இலங்கை அதில் இல்லை. அங்கிருந்து வந்த இந்துவுக்கும் இல்லை, கிறிஸ்தவனுக்கும் இல்லை. முகாமில் பிறந்து, இங்கேயே படித்து, நம் சபையிலே திடப்படுத்தல் பெற்ற வாலிபனிடம் கடவுச்சீட்டும் இல்லை, வாக்காளர் அட்டையும் இல்லை. அவன் பார்த்தறியாத ஊரை அவனுடைய ஊர் என்று தாள்கள் சொல்லுகின்றன. திரையில் ராஜியைத் தெரிந்த நமக்கு இந்த வாலிபனுடைய காரியம் தெரியாது. வழி மறிக்கிறவர்கள் நாம் அல்ல, அரசாங்கம் என்று சொல்லலாம். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் நாம் இதை ஒருமுறையாவது கேட்டதுண்டா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். சாலைக்கும் கால்வாய்க்கும் மனுக்கொடுத்திருக்கிறோம்; இதற்குக் கொடுத்ததாக நம் சபைக் கமிட்டிப் புத்தகத்தில் பதிவில்லை.

ஆகையால் வாலிபர் ஐக்கியத்தாருக்கு என் பதில் இது. தொடரின் பகுதிகள் வேண்டாம். அது தீட்டு என்பதற்காக அல்ல. துரத்தலும் சதியும் நம்மைக் கட்டிப்போடுகிற விதத்தில் செய்யப்பட்ட பொருள் அது, அந்த மாலையில் நமக்கு வேண்டியது வேறு. கன்னத்தில் முத்தமிட்டால் திரையிடுங்கள். அதுவும் குறையற்ற படம் அல்ல. ஆனால் ஒரு பிள்ளை தன் தாயைக் கேட்கிற கேள்வி அதில் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு வழிவிட்டுப் படம் ஒதுங்கி நிற்கிறது. பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பக்கத்து அறையில் வைத்துக்கொள்ள இரண்டு ஆசிரியைகள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

முகாமிலிருந்து வருகிற குடும்பங்களை அழைக்கும்போது, வந்து பேசுங்கள், சாட்சி சொல்லுங்கள் என்று வற்புறுத்தாதிருங்கள். சொல்ல விரும்பினால் சொல்லுவார்கள். நான் முன்சொன்ன சகோதரியிடமும் மூப்பரிடமும் தனித்தனியே கேட்டுவிட்டேன். மூப்பர் தாம் வரப்போவதில்லை என்றும், நாற்காலிகளை ஒழுங்குபண்ணி வைத்துவிட்டுப் போவதாகவும் சொன்னார். சகோதரி வருவதாகச் சொன்னார். அவர் நான்கு காரியங்கள் கேட்டிருக்கிறார்: போர்க்காட்சி வருகையில் ஒலியைக் குறைத்துவிடவேண்டும், மண்டபத்தை முழுவதும் இருட்டாக்கக்கூடாது, வாசற்கதவு திறந்தே இருக்கவேண்டும், அவருடைய இருக்கை அந்தக் கதவின் அருகே வேண்டும். ஒலிபெருக்கி பார்க்கிற தம்பி இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

கூடுகை மே மாதம் மூன்றாம் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. குடியுரிமை பற்றிய மனு ஒன்றை எழுதிவைத்திருக்கிறேன். ஆலய அலுவலகத்தில் இருக்கிறது, வாசித்துப் பார்த்து ஒப்புதலானவர்கள் கையெழுத்திடலாம்.

கர்த்தருக்குள் உங்கள் ஊழியன்.